தும்மினாலே சிறுநீர் கசிகிறது: இரண்டு மாதப் பயிற்சியும் பலன் தராதது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு குழந்தைகள், இரண்டும் சுகப்பிரசவம். இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்தே தும்மும்போதும் இருமும்போதும் கொஞ்சம் சிறுநீர் கசியும். முன்பெல்லாம் எப்போதாவதுதான். இரண்டு வருடமாக வேகமாக நடந்தாலோ கனமான பையைத் தூக்கினாலோகூட நனைந்துவிடுகிறது. நாப்கின் வைக்காமல் வெளியே போவதே இல்லை. தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டேன். வீடியோ பார்த்து கெகல் பயிற்சி செய்தேன், தினமும் நூறு தடவை, இரண்டு மாதம். சிறுநீர் கழிக்கும்போதும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வயிறும் தொடையும்தான் வலித்தன, கசிவு குறையவில்லை. 'பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்' என்கிறார் அக்கா. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்கிறாள் தோழி. நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

'வயிறும் தொடையும்தான் வலித்தன' என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்கள் நலப் பிரிவில் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட்டான எனக்கு அந்த ஒரு வரியே நிறையச் சொல்லிவிட்டது. சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத் தளத் தசைகளை இறுக்கி விடுவதுதான் கெகல் பயிற்சி. அவற்றைச் சரியாக இயக்கினால் தொடை வலிக்கவே வலிக்காது. வயிற்றிலும் லேசான இறுக்கம் தெரியுமே தவிர, வலி வராது. நீங்கள் விடாமல் உழைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த உழைப்பெல்லாம் பக்கத்துத் தசைகளுக்குப் போயிருக்கிறது, வேலை செய்ய வேண்டிய தசை அநேகமாகச் சும்மா இருந்திருக்கிறது. அதனால் 'பயிற்சி எனக்குப் பலிக்கவில்லை, இனி ஆபரேஷன்தான்' என்ற முடிவுக்கு இப்போதே வந்துவிடாதீர்கள். சரியான பயிற்சியை நீங்கள் இன்னும் செய்து பார்க்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா சொல்வதில் பாதி உண்மை. பிரசவித்த பெண்களில் ஏராளமானோருக்கு இந்தக் கசிவு உண்டு. பிள்ளையே பெறாத, ஓட்டமும் குதிக்கும் விளையாட்டுகளும் பழகுகிற இளம்பெண்களுக்குக்கூட வருகிறது. ஆனால் நிறையப் பேருக்கு இருக்கிறது என்பதற்காக எல்லோரும் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? தும்மல் வந்தால் கால்களைப் பின்னிக்கொண்டு, வெளியே போனால் முதலில் கழிப்பறை எங்கே என்று தேடி, வாய்விட்டுச் சிரிக்கவும் பயந்து வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மருந்தும் கத்தியும் இல்லாமல் பெருமளவு சரிசெய்யக்கூடிய தொந்தரவு இது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் செய்கிற பயிற்சி வெறும் எண்ணிக்கையாகப் போய்விடும். முன்பக்கம் இடுப்பெலும்புகள் சேரும் இடத்திலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரைக்கும், இடுப்புக் கூட்டின் அடியில் ஒரு தசைப் பரப்பு இருக்கிறது. இதுதான் இடுப்புத் தளம். தூளி கட்டியதுபோல அது சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குகிறது. சிறுநீர்க் குழாயும் பிறப்புறுப்பும் மலத்துவாரமும் இந்தத் தசைகளின் ஊடாகத்தான் வெளியே திறக்கின்றன. தும்மும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறி, சிறுநீர்ப்பையை மேலிருந்து அமுக்குகிறது. தசை வலுவாக இருந்தால் அதே கணத்தில் தானாக இறுகி, சிறுநீர்க் குழாயை அடியிலிருந்து தாங்கி மூடிவிடும். தசை தளர்ந்திருந்தாலோ, இறுகுவதற்குக் கொஞ்சம் பிந்தினாலோ, அதற்குள் சிறுநீர் வெளியே வந்துவிடுகிறது. ஆக, தசைக்கு வலுவும் வேண்டும், சரியான நேரத்தில் இறுகவும் தெரிய வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பல வீடியோக்கள் சொல்வதே இல்லை. பின்னால் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

தசை தளர்வதற்குக் காரணங்கள் பல. கர்ப்பகாலச் சுமை, பிரசவத்தின்போது தசையும் அதற்கான நரம்பும் இழுபடுவது, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், உடல் எடை, மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவது என்று சொல்லிக்கொண்டே போகலாம். சிசேரியன் செய்தவர்களுக்கு இது வராது என்பதும் சரியில்லை, அவர்களுக்கு வாய்ப்பு சற்றுக் குறைவு, அவ்வளவுதான். உங்களுக்குக் கடந்த இரண்டு வருடத்தில் கூடியிருக்கிறது என்றால், அந்தக் காலத்தில் எடை ஏறியதா, இருமல் நீடித்ததா, மாதவிடாய் முறை மாறியதா, புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் மாத்திரைகளில் சில வகைகள் வறட்டு இருமலை உண்டாக்கும். வேறு சில, சிறுநீர்க் குழாயின் வாயைத் தளர்த்திவிடும். அப்படி எதாவது எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்தக் கசிவைப் பற்றிச் சொல்லுங்கள். மாற்று மாத்திரை பெரும்பாலும் இருக்கும்.

இருமல், தும்மல், தூக்குதல், வேகநடை என்று நீங்கள் சொல்வதெல்லாம் வயிற்றழுத்தம் கூடும்போது வரும் கசிவுக்கே உரிய அடையாளங்கள். இன்னொரு வகையும் உண்டு. திடீரென்று அடக்கவே முடியாத அவசரம் வந்து, கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் போய்விடும். அதற்கு இடுப்புத் தளப் பயிற்சியோடு, சிறுநீர் கழிக்கும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்குவதும் தேவைப்படும். இரண்டும் கலந்து வருவதும் சாதாரணம். உங்களுக்கு எது என்று தெரிந்துகொள்ள மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எப்போது சிறுநீர் கழித்தீர்கள், எப்போது கசிந்தது, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். இவ்வளவு போதும். மருத்துவரிடம் போகும்போது இந்தத் தாள் உங்களைவிட நன்றாகப் பேசும்.

சரி, தசையைக் கண்டுபிடிப்பதற்கு வருவோம். இதில் அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஒரு கையை அடிவயிற்றில் வையுங்கள். சாதாரணமாக மூச்சு விடுங்கள். பலர் இருக்கும் இடத்தில் வாயு பிரியப் போகிறது, அதை அடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மலத்துவாரத்தை மெல்ல இறுக்குங்கள். அந்த இறுக்கத்தை அப்படியே முன்பக்கம், சிறுநீர் வரும் இடம் வரை கொண்டுவந்து, முழுவதையும் உடம்புக்குள் மேல்நோக்கி இழுங்கள். இறுக்கினால் மட்டும் போதாது, உள்ளே மேலே தூக்குவதும் சேர்ந்தால்தான் அது முழுமையான அசைவு. மூச்சை வெளியே விட்டுக்கொண்டே செய்தால் இன்னும் எளிது. பிறகு முழுக்க விட்டுவிடுங்கள். விடும்போது கீழே ஏதோ தளர்ந்து இறங்குவது தெரிய வேண்டும். அது தெரியவில்லை என்றால், அநேகமாக மேலேயும் போகவில்லை.

அது சரியான தசைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். இறுக்கும்போது பிறப்புறுப்புக்கும் மலத்துவாரத்துக்கும் இடையில் உள்ள பகுதி உள்ளே, மேலே இழுபட வேண்டும். வெளியே பிதுங்கினால் நீங்கள் இழுக்கவில்லை, முக்குகிறீர்கள். உடனே நிறுத்திவிடுங்கள். முக்குவது இந்தத் தசைகளை வலுவாக்காது, இன்னும் கீழே தள்ளும். கண்ணாடியில் பார்க்கக் கூச்சமாக இருந்தால், கையைக் கழுவிவிட்டு ஒரு விரலைப் பிறப்புறுப்புக்குள் வைத்து இறுக்குங்கள். விரலைச் சுற்றி ஒரு பிடியும், லேசான தூக்கலும் தெரிய வேண்டும். உங்கள் உடம்பை நீங்களே அறிந்துகொள்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வயிற்றில் வைத்த கை மேலே எழும்பினாலோ, புட்டம் இறுகி இடுப்பு தரையிலிருந்து உயர்ந்தாலோ, தொடைகள் ஒன்றோடொன்று நெருங்கினாலோ, மூச்சு நின்றாலோ, வேறு தசைகள் வேலையைப் பிடுங்கிக்கொள்கின்றன என்று அர்த்தம். பலத்தைப் பாதியாகக் குறைத்துச் செய்து பாருங்கள். மெதுவாகச் செய்யும்போதுதான் பல பெண்களுக்கு முதல்முறையாகச் சரியான தசை பிடிபடுகிறது.

தவறாகச் செய்தது உங்கள் குற்றமில்லை. 1991இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 47 பெண்களுக்கு வாய்வார்த்தையாகச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பரிசோதித்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் செய்ததோ, கசிவை அதிகமாக்கக்கூடிய விதத்தில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தசையைச் சொல்லக் கேட்டு மட்டும் இயக்குவது அவ்வளவு கடினம். இந்தப் பயிற்சிக்குத் தன் பெயரைத் தந்த அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல், 1948இல் இதைப் பற்றி எழுதியபோதே, தசையின் பிடி எவ்வளவு என்று காட்டும் ஒரு கருவியையும் சேர்த்துத்தான் முன்வைத்தார். தான் இறுக்குவது சரியா என்று ஒரு பெண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் முறையின் உயிர்நாடி. காலப்போக்கில் அந்தப் பாதி உதிர்ந்து, 'இறுக்குங்கள், விடுங்கள்' மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது.

சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள எப்போதாவது ஒருமுறை செய்து பார்ப்பதில் தவறில்லை. அதையே பயிற்சியாக வைத்துக்கொண்டால், சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் போகலாம், தேங்கும் சிறுநீரில் கிருமித் தொற்றும் வரலாம். சிறுநீர் கழிக்கும்போது இந்தத் தசை முழுக்கத் தளர வேண்டும் என்பதுதான் உடம்பின் ஏற்பாடு.

அப்புறம் அந்த நூறு தடவை. தளர்ந்த தசையால் தொடக்கத்தில் இரண்டு மூன்று வினாடிதான் தாக்குப்பிடிக்க முடியும், ஐந்தாறு முறைக்குள் களைத்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் செய்த தொண்ணூற்றுச் சொச்சமும் தொடையும் வயிறும் செய்தவை. எனவே உங்கள் அளவை முதலில் பாருங்கள். இறுக்கித் தூக்கி, மூச்சு விட்டபடியே எத்தனை வினாடி பிடிக்க முடிகிறது? நான்கு வினாடியில் நழுவுகிறது என்றால் உங்கள் தொடக்கம் நான்கு வினாடி. அதே அளவோ அதற்கு இரட்டிப்போ ஓய்வு கொடுங்கள், பிறகு மறுபடி. பிடி நழுவும் எண்ணிக்கை வரை மட்டும் செய்யுங்கள். நான்கோ ஐந்தோ வந்தாலும் போதும். வாரம் செல்லச் செல்ல வினாடிகளைக் கூட்டி, பத்து வினாடி, எட்டு முதல் பத்து முறை என்ற இடத்துக்கு வந்து சேருங்கள். ஒவ்வொரு தடவையும் இதை முடித்ததும், சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடும் வேகமான அசைவுகளையும் எட்டு முதல் பத்து முறை செய்யுங்கள். இந்தத் தசையில் நெடுநேரம் தாங்கும் இழைகள்தான் அதிகம். தும்மலைச் சமாளிப்பதோ நொடியில் இறுகும் இழைகள். இரண்டுக்கும் வேலை கொடுக்க வேண்டும். காலை, மதியம், இரவு என்று நாளைக்கு மூன்று தடவை. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு சொல்வதும் ஒரு தடவைக்குக் குறைந்தது எட்டு இறுக்கங்கள், நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம் என்பதுதான். நூறைவிட இது எவ்வளவு குறைவு என்று பாருங்கள்.

படுத்துச் செய்வது கைவந்ததும் உட்கார்ந்து செய்யுங்கள், பிறகு நின்று. கசிவு வருவது நிற்கும்போதும் நடக்கும்போதும்தானே, அதனால் கடைசியில் தசை அந்த நிலைகளில்தான் பழக வேண்டும். நிற்கும்போது முதலில் பிடி குறைந்ததுபோல் தோன்றும். புவியீர்ப்பையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருப்பதால் அப்படி, பின்னடைவு என்று நினைக்காதீர்கள்.

இப்போது, நேரத்தோடு இறுகும் விஷயம். பயிற்சி தனி, வாழ்க்கை தனி என்று வைத்துக்கொண்டால் பலன் பாதிதான். தும்மல் வருவதை உணர்ந்ததும், அது வெளியே வருவதற்கு முன்பே தசையை இறுக்கித் தூக்குங்கள். தும்மி முடியும் வரை விடாதீர்கள். 1998இல் வந்த ஒரு சிறு ஆய்வில், லேசான கசிவு இருந்த வயதான பெண்களுக்கு இந்த ஒரு நுணுக்கத்தை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே வாரத்தில், நடுத்தர இருமலின்போது கசிந்த அளவு சராசரியாக 98 சதவீதமும், ஆழமான இருமலின்போது 73 சதவீதமும் குறைந்திருந்தது. ஒரு வாரத்தில் தசை பெருத்துவிடாது. முன்கூட்டி இறுக்கப் பழகியதுதான் அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது. அதனால்தான் இதை முதல் வாரத்திலிருந்தே தொடங்கச் சொல்கிறேன்.

பழகும் முறை எளிது. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். இறுக்கித் தூக்குங்கள், பிடித்தபடியே லேசாக ஒருமுறை இருமுங்கள், பிறகு விடுங்கள். இருமும்போது பிடி உடைவது தெரிந்தால் இன்னும் சின்னதாக இருமிப் பாருங்கள். அது சரியானதும் நின்றுகொண்டு செய்யுங்கள். அப்புறம் நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன், பையைத் தூக்குவதற்கு முன், குழந்தையை இடுப்பில் ஏற்றுவதற்கு முன், மூக்கைச் சிந்துவதற்கு முன் என்று ஒவ்வொன்றிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கும்போது மூச்சைப் பிடிக்காமல் வெளியே விடுங்கள். தொடக்கத்தில் பத்துத் தும்மலில் இரண்டுக்குத்தான் ஞாபகம் வரும். போகப் போக உங்களைக் கேட்காமலே இறுகத் தொடங்கும்.

எப்போது வித்தியாசம் தெரியும்? சிலருக்கு ஆறு வாரத்தில், பலருக்கு மூன்று மாதத்தில். முதல் சில வாரங்களில் நடப்பது பெரும்பாலும் மூளையும் தசையும் பழகிக்கொள்வதுதான். தசை கனமாவதற்கு அதற்கு மேலும் நாள் பிடிக்கும். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான காக்ரேன் அறிக்கையில், இந்த வகைக் கசிவுக்காகப் பயிற்சி செய்தவர்களில் 100க்கு 56 பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். பயிற்சி செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 100க்கு 6 பேர்தான். முழுக்கக் குணமாகாதவர்களிலும் பலருக்குக் கசிவு குறைந்தது. பலன் தெரிந்ததும் பலர் செய்கிற தவறு, பயிற்சியை அடியோடு நிறுத்திவிடுவது. எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம், விட்டுவிடக் கூடாது.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்ய முடியும் என்றால், ஒருமுறையாவது நேரில் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்பேன். பெண்கள் நலத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் மகப்பேறு மருத்துவரிடம். உங்கள் சம்மதத்தோடு, கையுறை அணிந்த ஒரு விரலைப் பிறப்புறுப்புக்குள் வைத்து, இறுக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். எவ்வளவு பிடி இருக்கிறது, எத்தனை வினாடி நிற்கிறது, முக்குகிறீர்களா தூக்குகிறீர்களா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். வேண்டாம் என்று எந்தக் கட்டத்திலும் சொல்லலாம், துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம், பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்கலாம். தசையை இறுக்கவே தெரியவில்லை என்றால் மெல்லிய மின்தூண்டலோ, தசையின் இறுக்கத்தைத் திரையில் காட்டும் கருவியோ கொஞ்ச நாள் உதவும். ஆனால் தசை சரியாக இறுகுகிறது என்றால், வீட்டில் அந்தக் கருவிக்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. 2020இல் 600 பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வில், கருவியோடு பயிற்சி செய்தவர்களுக்கும் கருவி இல்லாமல் செய்தவர்களுக்கும் இரண்டு வருட முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

தண்ணீரைக் குறைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மறுபடி குடிக்கத் தொடங்குங்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டும், மலம் இறுகும். மலம் இறுகினால் முக்க வேண்டிவரும், முக்கினால் நீங்கள் வலுவாக்கப் பார்க்கும் அதே தசை இழுபடும். வேறு நோய்க்காக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் தவிர, நாளைக்கு ஆறு முதல் எட்டு டம்ளர் என்பது பொதுவாக நல்ல அளவு. காபியும் தேநீரும் அதிகமானால் அவசர உணர்வு கூடும், அதைக் குறைத்துப் பார்க்கலாம். 'எதற்கும் ஒருதரம் போய்விட்டு வருவோம்' என்று அரைமணிக்கொரு தடவை கழிப்பறைக்குப் போகும் பழக்கமும் வேண்டாம். சிறுநீர்ப்பை கொஞ்சமாக நிறைந்ததுமே அவசரப்படக் கற்றுக்கொண்டுவிடும். உடல் எடை கூடுதலாக இருந்தால், கொஞ்சம் குறைத்தாலே பலன் உண்டு. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், எடை மிகுந்த பெண்கள் ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீதம் எடை குறைத்தபோது, வாரத்தில் கசியும் தடவைகள் 47 சதவீதம் குறைந்தன. எடைக் குறைப்புத் திட்டத்தில் சேராத மற்றவர்களுக்கு 28 சதவீதம்தான் குறைந்தது.

சிலர் இந்தப் பயிற்சியைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. உறவின்போது வலி, இடுப்பின் அடிப்பகுதியில் தொடர்ந்து வலி, சிறுநீர் தொடங்கவே நேரமாவது, மலம் கழிக்கச் சிரமம் என்று இருந்தால், தசை தளர்ந்திருப்பதற்குப் பதிலாக எப்போதும் இறுகியே இருக்கலாம். அதை மேலும் இறுக்கினால் தொந்தரவு கூடும். அவர்கள் முதலில் கற்க வேண்டியது தளர்த்துவதை. அதேபோல, சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், அடிக்கடி வரும் கிருமித் தொற்று, பிறப்புறுப்பில் ஏதோ இறங்கித் தட்டுப்படுவது, அசைவே இல்லாமல் இரவும் பகலும் ஒழுகிக்கொண்டே இருப்பது, இதில் எது இருந்தாலும் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டு வெளியே வரவில்லை என்றாலோ, திடீரென்று தொடையிடுக்கில் மரத்துப்போய்க் கால்களும் பலவீனமானாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஆபரேஷனைப் பற்றி உங்கள் தோழி சொல்வதும் பொய்யில்லை. சிறுநீர்க் குழாயின் அடியில் ஒரு பட்டையை வைத்துத் தாங்கும் சிகிச்சை பலருக்கு நல்ல பலன் தருகிறது. நெதர்லாந்தில் நடுத்தரமும் கடுமையுமான கசிவு உள்ள பெண்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், முதலில் பிசியோதெரபிக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிறகு ஆபரேஷனுக்கு மாறினார்கள். பயிற்சி எல்லோருக்கும் போதும் என்று உங்களுக்கு நான் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மீதிப் பாதிப் பேருக்குக் கத்தி தேவைப்படவில்லை என்பதையும் அதே ஆய்வுதான் சொல்கிறது. பயிற்சியால் இழப்பது ஒன்றுமில்லை. ஆபரேஷனுக்கோ அதற்கே உரிய சிக்கல்கள் உண்டு. செயற்கை வலைப்பட்டை வைத்த சிலருக்கு நாள்பட்ட வலியும், வலை திசுவை அரித்துக்கொண்டு வெளியே தெரிவதும் நேர்ந்ததால், 2018இல் இங்கிலாந்தில் அந்தச் சிகிச்சையையே நிறுத்திவைத்தார்கள். உடலின் சொந்தத் திசுவையே பட்டையாக வைப்பது, தையல் போட்டுத் தூக்கி நிறுத்துவது, சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஊசிவழியே பருமனாக்கும் பொருளைச் செலுத்துவது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. ஆபரேஷன் விரும்பாதவர்களுக்குப் பிறப்புறுப்பில் வைத்துக்கொள்ளும் வளையமும் உண்டு. இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் ஆபரேஷனைப் பொதுவாகத் தள்ளிப்போடச் சொல்வோம்.

மூன்று மாதம், சரியாகச் செய்கிறீர்கள் என்று ஒருவர் பார்த்து உறுதி செய்த பயிற்சி. அதற்குப் பிறகும் குறையவில்லை என்றால், மனத்தில் குற்ற உணர்வு எதுவும் இல்லாமல் சிறுநீரியல் மருத்துவரிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ ஆபரேஷனைப் பற்றிப் பேசுங்கள். எந்த வகை, எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், சிக்கல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அதுவரை, மாதவிடாய் நாப்கினுக்குப் பதிலாகச் சிறுநீர்க் கசிவுக்கென்றே செய்த பேடுகளைப் பயன்படுத்துங்கள். மாதவிடாய் நாப்கின் ரத்தத்துக்காகச் செய்தது. சிறுநீரை அதேபோல் வேகமாக உறிஞ்சாது, ஈரம் தோலில் தங்கி அரிப்பும் புண்ணும் வரும். நனைந்ததும் மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்துக்கொள்ளுங்கள். வாசனைச் சோப்பும் பவுடரும் அந்த இடத்துக்கு வேண்டாம். வாரத்துக்கு எத்தனை பேடு ஆகிறது என்று இப்போதிருந்தே குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.